இருவருக்கும் ஒரே வாடகை

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டுதான் தேறும். குடிக்க மாட்டார். பொய் சொல்ல மாட்டார். இரண்டிலும் பின்னால் செலவு வரும் என்று நினைத்திருப்பார்.

அத்தானுக்குப் பேருந்துப் பணிமனையில் ஸ்டோர்கீப்பர் வேலை. முப்பத்து நான்கு வருடம் கம்பி வலை போட்ட ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்குகள் சீட்டை நீட்டினால் போல்ட்டோ பெல்ட்டோ பிரேக் லைனிங்கோ எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்குத்தான் சம்பளம். ஆனால் அவருக்குப் பிடித்தது கொடுக்காமல் இருப்பது. "பழசைக் கொண்டா, பார்க்கலாம்" என்பார். பழசைக் கொண்டுவந்தால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஆறு மாசம் ஓடும். அப்புறம் வா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். பணிமனையில் அவருக்கு 'அப்புறம்' என்றே பெயர்.

வீட்டிலும் அதே ஜன்னல், அதே வலை. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர் ஒவ்வொரு மாதமும் சம்பள நாளன்று பணிமனை கேட்டில் வந்து நிற்பாராம். பழைய சகாக்கள் வெளியே வரும்போது ஏதாவது கொடுப்பார்களா என்று ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரிப்பாராம். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் பின் கேட் வழியாக நழுவியவர்களில் அத்தானும் ஒருவர். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், தனக்கு அந்த நிலை வரக் கூடாது என்று. அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. அந்தப் பயத்துக்கு அவர் போட்ட தீனியைத்தான் கேலி செய்கிறேன்.

பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தார். ஓய்வு பெறும்போது கையில் இருக்க வேண்டிய தொகை அதில் பெரிதாக எழுதியிருக்கும். அந்தத் தொகை மூன்று முறை அடிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் அதைவிடப் பெரிய தொகை. விலைவாசி ஏறுகிறது என்று பேப்பரில் படித்தால் அன்று சாயங்காலமே பீரோ திறக்கும். அந்தப் பேப்பரும் சொந்தப் பேப்பர் இல்லை. எதிர் வீட்டுக்காரர் எழுந்திருப்பதற்கு முன்னால் அவர் வாசலிலிருந்து எடுத்து, மாடிப் படிக்கட்டில் பொது விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்துவிடுவார். நான் ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிறவன். என் அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் காலை எட்டு மணி முதல் மதியம் வரை அணைந்தே கிடக்கும். "உள்ளே இருக்கிற குளிர்ச்சி எங்கே போயிடும்?" என்பார். தொழில்காரன் நான் விளக்கிச் சொன்னால், என்னை மின்சார வாரியத்தின் உளவாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

அக்கா ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தாள். நரம்பு கிடைக்காத கிழவர்கள், அலறுகிற குழந்தைகள், எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட கை. மாதம் பிறந்தால் அந்தக் கை சம்பளத்தை அப்படியே அத்தானிடம் நீட்டும். அவர் பஸ் காசை எடுத்துத் திருப்பிக் கொடுப்பார்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை. கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்கான தேர்வு எழுத ஒரு கடற்கரை ஊருக்குப் போயிருந்தாள். பஸ்ஸிலிருந்து பார்த்தபோது, கடலைப் பார்த்த மாதிரி ஒரு கட்டிடம். மாடி ஜன்னலில் யாரோ ஒரு பெண் தலையைத் துவட்டிக்கொண்டே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அந்த மாதிரி ஒரு அறையில் தங்க வேண்டும், கண் விழித்தால் கடல் தெரிய வேண்டும். கல்யாணமான முதல் வருடமே கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு நாள் போய் என்ன பண்ணப் போறோம்? ரிடையர் ஆனதும் முழுசா ஒரு மாசம் போய்த் தங்கலாம்" என்றார் அத்தான்.

அக்கா நம்பினாள். நானும் நம்பினேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, யார் எதைச் சொன்னாலும் நம்புவேன்.

மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள். சுற்றுலாவுக்குப் பணம் கட்டச் சொன்னால் அவளுக்கும் 'அப்புறம்'தான். பன்னிரண்டு வயதில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பெண் பொறுப்பாக வளர்கிறாள் என்று அத்தானுக்குப் பெருமை. படித்து முடித்ததும் ஆயிரம் மைல் தள்ளி வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அதையும் பொறுப்பு என்றுதான் எடுத்துக்கொண்டார்.

ஒரு வழியாக அந்த நாளும் வந்தது. பணிமனையில் விழா நடத்தினார்கள். மேலாளர், "இவர் இந்தப் பணிமனையின் பணத்தைத் தன் பணமாக நினைத்தவர்" என்று பேசினார். வேறு யாரைப் பற்றியாவது இப்படிச் சொன்னால் போலீஸ் வந்திருக்கும். மெக்கானிக்குகள் பலமாகக் கை தட்டினார்கள். நாளையிலிருந்து போல்ட் கிடைக்கும் என்ற சந்தோஷம். பீரோத் தாளில் கடைசியாக எழுதிய தொகைக்கு மேலேயே அத்தானிடம் சேர்ந்திருந்தது. அக்கா கண்ணால் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை நான் அங்கே இருந்தேன். அணைத்து அணைத்துப் போட்டதில் ஃபிரிட்ஜ் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நான் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வேலைக்குக் கிளம்பியபடியே கேட்டாள்.

"என்னங்க, நான் ஒரு மாசம் லீவு சொல்லிடவா? எந்த மாசம் போகலாம்?"

"எங்கே?"

"கடலுக்கு."

அத்தான் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "இப்பவா? இப்பதானே சம்பளமே நின்னிருக்கு! இனிமேதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

"சேர்ந்தாச்சுன்னு சொன்னீங்களே."

"சேர்ந்தது எழுபத்தஞ்சு வயசு வரைக்கும்தான் தாங்கும். எங்க அப்பா எண்பத்தேழு வரைக்கும் இருந்தார். நான் தொண்ணூறுக்குக் கணக்குப் போட வேண்டாமா? உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. அதுக்கப்புறமும் நீட்டிச்சுத் தருவாங்களான்னு கேட்டு வை."

ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாட்சைக் கட்டிக்கொண்டாள், பையை எடுத்தாள், "சரி" என்றாள், போய்விட்டாள். அந்தச் 'சரி'யைக் கேட்டு அத்தானுக்கு நிம்மதி. எனக்கு அந்தக் குரல் தெரியும். சின்ன வயதில் அவள் பென்சிலை நான் உடைத்துவிட்டால் இதே குரலில்தான் 'சரி' என்பாள். அடுத்த வாரம் என் பட்டத்தின் நூல் அறுந்து கிடக்கும்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலை அத்தான் போன் செய்தார். எப்போதும் மணி அடித்துவிட்டு வைத்துவிடுவார், நாம்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும். அன்று விடாமல் அடித்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"மச்சான், உங்க அக்கா போயிட்டா."

"எங்கே அத்தான்?"

"சாப்பாட்டு மேஜையில சீட்டு இருக்கு. படிக்கிறேன் கேளு. 'கடலுக்குப் போறேன். ஒரு மாசம் கழிச்சு வருவேன். ரொட்டி டப்பாவில் இருக்கு. கேஸ் தீரப் போகுது, சொல்லி வைக்கவும்.' கீழே விடுதி அட்ரஸ். அவ வேலை செய்யற இடத்துல கேட்டேன், வேலையை விட்டுட்டாளாம்! சேமநிதிப் பணத்தையும் வாங்கிட்டாளாம். தனியா கணக்கு ஆரம்பிச்சிருக்கா. எனக்குத் தெரியாது மச்சான்!"

குரல் உடைந்திருந்தது. அவர் மேல் எனக்கு இரக்கம் வரப் பார்த்தது. அடுத்த வாக்கியத்தில் அவரே அதைக் கெடுத்தார். "விடுதிக்குப் போன் போட்டு விசாரிச்சேன். சீசன் வாடகையாம். சீசன்ல போயிருக்கா பாரு!"

நான் அக்கா மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள், "அப்பா தனியா போக வேண்டாம், நீங்களும் கூடப் போங்க மாமா. ஆனா அம்மாவைக் கூட்டிட்டு வந்துடாதீங்க" என்றாள்.

அவளே வந்துவிடுவாள் என்று அத்தான் மூன்று நாள் பார்த்தார், நாலாம் நாள் கிளம்பினோம். நல்ல பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ஆனால் ஓய்வு பெற்ற ஊழியருக்கான இலவச பாஸ் சாதாரண வண்டியில்தான் செல்லும். ஆகவே மூன்று இடத்தில் மாறி, ஒன்பது மணி நேரம். என் டிக்கெட்டை நான் வாங்கினேன். மனைவி போய்விட்ட மனுஷன், ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி எவ்வளவு டீசலை வீணாக்குகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாவது வண்டியில் மட்டும் திடீரென்று கேட்டார்.

"நான் என்ன குடிச்சா அழிச்சேன்? அவளுக்காகத்தானே சேர்த்தேன்?"

"அவ கேட்டது ஒரு ஜன்னல் அத்தான். நீங்க சேர்த்த பணத்துல அந்தக் கட்டிடத்தையே வாங்கலாம்."

"கட்டிடம் வாங்கினா வரி கட்டணும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

விடுதி மூன்று மாடி. உப்புக் காற்றில் சுவர் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கீழே மேஜையில் விடுதிக்காரம்மா, கனத்த உடம்பு, கையில் சாவிக்கொத்து. இரண்டாவது மாடி என்று சொல்லி அனுப்பினாள்.

கதவு திறந்தே இருந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் ஜன்னல் விளிம்பில் நீட்டியிருந்தாள். தலைமுடி ஈரம். மடியில் ஒரு வாரப் பத்திரிகை, காசு கொடுத்து வாங்கியது. ஜன்னல் நிறையக் கடல். என் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"வாங்க" என்றாள், காலை எடுக்காமல். "என்னடா, கொறடும் ஸ்க்ரூ டிரைவரும் இல்லாம வந்திருக்கே? இந்த ஏசி கர்முர்னு சத்தம் போடுது."

"கிளம்பு" என்றார் அத்தான்.

"இன்னும் இருபத்தாறு நாள் இருக்குங்க."

"மிச்ச நாள் காசைத் திருப்பி வாங்கிட்டுக் கிளம்பு."

"தர மாட்டாங்க. முழுசும் முன்னாடியே கட்டிட்டேன். திருப்பித் தர மாட்டோம்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் சாவியே குடுத்தாங்க. நானும் தேடித் தேடி அந்த மாதிரி இடமாத்தான் பிடிச்சேன்."

அத்தான் கட்டிலில் உட்கார்ந்தார். பேயறைந்த மாதிரி என்பார்களே, அப்படி. பிறகு எழுந்து கீழே போனார். விடுதிக்காரம்மாவிடம் சண்டை போடப் போகிறார் என்று நான் பின்னால் எழுந்தேன். "விடு, அந்தம்மா என்னைவிடக் கெட்டி" என்றாள் அக்கா.

கால் மணி நேரம் கழித்து வந்தார். முகம் மாறியிருந்தது. பணிமனையில் யாராவது உடையாத போல்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால் வருமே, அந்த முகம்.

"ஏம்மா, இங்கே ரெண்டு பேர் தங்கினாலும் ஒரே வாடகையாமே?"

"ஆமாங்க."

"காலைச் சாப்பாடு ரெண்டு பேருக்கு இதுலேயே சேர்த்தியாம்!"

"தெரியும்."

"அப்ப இந்த நாலு நாளா ஒரு ஆள் சாப்பாடு சும்மா போயிருக்கு!"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பையிலிருந்து துண்டை எடுத்தார், என்ன நினைத்தாரோ, திரும்ப உள்ளே வைத்துவிட்டு விடுதித் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். பெண்டாட்டியை மீட்க ஒன்பது மணி நேரம் பயணம் செய்து வந்தவரின் கதை அத்துடன் முடிந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பஸ் நிறுத்தம் வரை அக்கா கூட வந்தாள். வழியெல்லாம் நான் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு வந்தேன். கல்நெஞ்சன், கருமி, காலைச் சாப்பாடு கிடைத்தால் பெண்டாட்டியை மன்னித்துவிடுகிறவன். அக்கா கேட்டுக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"போதும்டா. உனக்கு ஐம்பது தாண்டியாச்சு. உன் பேர்ல என்ன இருக்கு, ஒரு பழைய வண்டியும் நாலு கடனும். போன வருஷம் உன் முதுகு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில பணம் கட்டினது யாரு?"

நான் மறக்கவில்லை. அத்தான்தான் கட்டினார். கட்டுவதற்கு முன் மூன்று ஆஸ்பத்திரியில் விலை விசாரித்தார், டாக்டரிடம் பேரம் பேசி என் மானத்தை வாங்கினார். ஆனால் கட்டினார், திருப்பிக் கேட்கவும் இல்லை. அவர் பணத்தில் நிமிர்ந்த முதுகோடுதான் அவரைப் பார்த்துச் சிரிக்கிறேன். நிமிர்ந்து நின்றால்தானே நன்றாகச் சிரிக்க முடியும்.

"அப்ப அவர் செஞ்சது சரிங்கிறியா?"

"யாரு சொன்னா? அவரை ஏச நான் இருக்கேன். உனக்கு அந்த உரிமை இல்லைன்னு சொல்றேன்" என்றாள். பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா போனில் சொன்னாள். முதல் நாள் அத்தான் கடலைப் பத்து நிமிடம் பார்த்தாராம். "எப்பவும் இப்படியேதான் இருக்குமா?" என்று கேட்டாராம். இரண்டாம் நாள் தூங்கினார். மூன்றாம் நாள் மாடிப் படிக்கட்டில் எத்தனை விளக்கு பகலில் எரிகிறது என்று எண்ணினார். ஐந்தாம் நாள் சோப்பு கேட்டுக் கீழே போனவர் இரண்டு மணி நேரமாகத் திரும்பவில்லை. அக்கா போய்ப் பார்த்தால், விடுதியின் சாமான் அறையில் விரிப்புகளுக்கும் தலையணை உறைகளுக்கும் நடுவில் நிற்கிறார். சட்டைக் கையை மடித்து விட்டிருக்கிறார். பக்கத்தில் விடுதிக்காரம்மா வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள்.

"மாசம் எழுபது சோப்பு எங்கே போகுதுன்னே தெரியலைங்கறாங்க! எழுபது! சீட்டே கிடையாது, கேட்டவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுக்கறாங்க!" என்றாராம், யாரோ கொலை நடந்ததைச் சொல்வது போல.

அதற்குப் பிறகு கடல் பக்கமே அவர் திரும்பவில்லை. காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நேரே சாமான் அறைக்குப் போய்விடுவார். அறை சுத்தம் செய்யும் பெண்கள் பழைய சோப்பைக் காட்டினால்தான் புதுச் சோப்பு. ஒரு வாரத்தில் அவர்கள் அவரைத் திட்ட ஆரம்பித்தார்கள், மூன்று வாரத்தில் விடுதியின் செலவு குறைந்தது. மாதக் கடைசியில் விடுதிக்காரம்மா கேட்டாள், இங்கேயே இருந்துவிடுகிறீர்களா என்று. சாமான் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கொஞ்சம் சம்பளம். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டுத்தான் மேலே வந்தாராம்.

"நீயும் இரு. அந்த ரூமுக்கு வாடகை கிடையாது" என்றாராம்.

"ஜன்னல் இருக்கா?"

"சாமான் அறைக்கு எதுக்கு ஜன்னல்?"

அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு தனியாக வீடு திரும்பினாள். ஐந்து மணி நேர பஸ்ஸில்.

மழைக்காலம் முடிந்ததும் அத்தான் என்னைக் கூப்பிட்டார். விடுதியில் பதினொரு ஏசி இருக்கிறது, வந்து சுத்தம் செய்து கொடு, வெளியாள் கேட்கிற கூலியில் பாதி தருகிறோம், நீ சொந்தக்காரன் என்றார். சொந்தத்தைவிட, ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்க்கும் ஆவல்தான் எனக்கு. போனேன்.

சாமான் அறை வாசலில் மேஜை போட்டு, முன்னால் கம்பி வலை அடித்து வைத்திருந்தார். வலையை எங்கிருந்து பிடித்தார் என்று தெரியவில்லை. ஒரு ஏசியில் மோட்டாரைக் கிளப்புகிற கப்பாசிட்டர் மாற்ற வேண்டியிருந்தது, அதற்குச் சீட்டு எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். "பழசைக் கொண்டா" என்றார். பழசைக் கழற்றிக்கொண்டு வந்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் பார்த்தார். என் தொழிலில் முப்பது வருடம் போட்டவன் நான். அந்த ஆளின் மேஜை முன்னால் கைகட்டி நின்றேன்.

"அத்தான், ஒண்ணு கேக்கறேன். இந்தச் சம்பளத்தை என்ன பண்றீங்க?"

"பேங்க்ல போடறேன். வேற என்ன செலவு? சாப்பாடு இங்கே, தங்கறது இங்கே. பென்ஷனும் தொடறதில்லை. சேர்த்ததும் அப்படியே இருக்கு."

"யாருக்கு?"

இவனுக்கு மூளை இருக்கிறதா என்பது போல என்னைப் பார்த்தார். "வயசான காலத்துக்குத்தான். இப்படியே இன்னும் ஒம்பது வருஷம் ஓட்டிட்டேன்னா, எழுபதுல நிம்மதியா உக்காரலாம் மச்சான்."

அவருக்கு அப்போது அறுபத்தொன்று. வழுக்கை விழுந்து, பல் நான்கு போய், ஓய்வு பெற்றதற்கான பாராட்டுப் பத்திரத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கிற மனுஷன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பெண் காலி சோப்பு உறையோடு நின்றாள். நான் நகர்ந்து வழி விட்டேன்.

கூலியில் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுத்தார். மூன்றாவது மாடியில் ஏணியைச் சாய்த்ததில் சுவரில் கீறல் விழுந்துவிட்டதாம். கீறல் பழசு. வாதாடாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஊருக்கு வந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வலை, சீட்டு, எழுபது வயது, பத்து சதவீதம், ஒன்றையும் விடவில்லை. அவள் கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆள் இளைச்சிருக்காரா?"

"கொஞ்சம் சதை போட்டிருக்கார்."

"நல்லது" என்றாள். தோள்பையை மாட்டிக்கொண்டாள். பழைய வேலையிடத்துப் பெண்கள் இருவர் கீழே ஆட்டோவில் காத்திருந்தார்கள், மதியக் காட்சி சினிமாவுக்கு. "சாப்பாடு மேஜை மேல மூடி வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போ. சாவியை எதிர் வீட்டுல குடுத்துடு."

ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.